மாட்டு வாசல்

சொத்துப் பிரிக்க உட்கார்ந்தால் எல்லாக் குடும்பத்திலும் வீடு யாருக்கு என்றுதான் சண்டை வரும். இந்தக் குடும்பத்தில் அதை யார் தலையில் கட்டுவது என்பதுதான் பேச்சாக இருந்தது.

இருநூறு வருஷத்துப் பண்ணைவீடு அது. கீழே ஆள் உயரத்துக்குக் கருங்கல், அதற்கு மேல் செங்கல்லும் சுண்ணாம்பும். நடுவில் பெரிய முற்றம். முற்றத்துக்கு ஒரு பக்கம் குடும்பம் வாழ்ந்த கூடமும் அறைகளும். எதிர்ப்பக்கம் மாட்டுக் கொட்டில், அதற்கு மேலே மாடியில் தானியக் கிடங்கு. ஒரு காலத்தில் ஊருக்கே படியளந்த வீடு. இப்போது கூரை ஓட்டில் பாதியைக் காணோம். சுவரில் ஈரம் இடுப்பு வரை ஏறியிருந்தது. புறாக்கள் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் குடித்தனம் நடத்தின. போதாததற்கு அரசாங்கம் வேறு அதைப் பழமையான கட்டடம் என்று அறிவித்திருந்தது. யாரும் அதை இடிக்கக் கூடாது. அதுவாக இடிந்து விழுந்தால் கேள்வி கிடையாது.

பங்காளிகள் இரண்டே பேர். மூத்தவரை ஊரே பெரியவர் என்றுதான் கூப்பிடும். நிலம், நிலத்தில் அவர் கட்டியிருந்த குளிர்பதனக் கிடங்கு, ரோட்டிலிருந்து வீட்டு முன்வாசல் வரைக்கும் வருகிற பாதை எல்லாம் தனக்கு என்று எடுத்துக்கொண்டார். இளையவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் பங்கு அவர் மனைவிக்கு.

"வீடு முழுசும் உனக்கே இருக்கட்டும்மா. முன்பாதையில நீ தாராளமா நடந்து போய் வரலாம்" என்றார் பெரியவர். முகத்தில் தர்மப்பிரபுவின் களை.

அவர் போட்ட கணக்கு வேறு. ஒரு மழைக்காலம் தாங்குவாள். அடுத்ததுக்கு, "நீங்களே எடுத்துக்கோங்க" என்று வந்து நிற்பாள். வாங்கிப் போட்டு, அது பொத்தென்று விழுகிறவரை வேடிக்கை பார்த்துவிட்டு, கிடங்கை இந்தப் பக்கம் நீட்டிவிடலாம்.

அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடினாள்.

"மாமா, இதை ஏழு வீடாப் பிரிச்சுக் கட்டி வாடகைக்கு விடப் போறேன்."

பெரியவர் சுற்றி இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "இந்தாம்மா, உனக்குப் பிள்ளையா குட்டியா? யாருக்காகக் கட்டப் போறே?"

"குடி வர்றவங்களுக்குத்தான் மாமா. வீடு வேற எதுக்கு?"

அவளை ஊரில் லாரிக்காரி என்பார்கள். முதலில் கேலியாகச் சொன்னதுதான். அவளும் அந்தப் பேருக்கே திரும்பிப் பார்க்கப் பழகியதும் கேலி செத்துப்போய், பேர் மட்டும் நின்றுவிட்டது. பால் ஏற்றுகிற டேங்கர் லாரி அவளுடையது. சின்ன வயசில் அண்ணனுக்குக் கால் முறிந்தபோது, ஒரு வாரம் சமாளிப்போம் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தவள். அண்ணன் கால் சேர்ந்தது, ஆனால் அவள் கை ஸ்டியரிங்கை விடவில்லை. விடியற்காலையில் முதல் பால் எடுக்கிற இடம் இந்தப் பண்ணைவீடு. பாலை அளந்து ஊற்றியது வீட்டின் இளைய மகன். அளக்கிற நேரம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது. பால் என்னவோ அதே அளவுதான்.

கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள், லாரியை விட்டுவிட வேண்டும் என்று. அவள் அந்தக் கூடத்தில் நின்றபடியே சொன்னாள்: "லாரியை விட்டாத்தான் இங்க இடம்னா பரவாயில்லைங்க. லாரியில எனக்கு இடம் இருக்கு. பக்கத்து சீட்டும் காலியாத்தான் இருக்கு."

இளையவர் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் இருவரும் பால் தொழிற்சாலை இருக்கிற ஊரில் வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளினார்கள். அந்த அனுபவத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அவளுக்கு மூச்சு முட்டும். லாரியை எங்கே நிறுத்துவாய் என்று ஒருவர் துரத்தினார். பொம்பளை லாரி ஓட்டினால் அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று ஒருவர். பிள்ளை ஏன் இல்லை என்று மாசாமாசம் விசாரித்த ஒரு வீட்டுக்கார அம்மா, கடைசியில் தன் மகனுக்கு வீடு வேண்டும் என்று சாமானை வெளியே வைத்தாள். ஒரு வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, இன்னொரு வீட்டில் குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் கேட்கக் கூடாது. மாமனார் மாமியார் காலம் முடிந்த பிறகு பண்ணைவீட்டில் வந்து இருந்தார்கள். இளையவர் மழை ஒழுகும் இடத்தில் எல்லாம் வாளி வைத்து, "நமக்குன்னு ஒழுகுது பாரு, அது ஒரு சுகம்" என்று சிரிப்பார். அவர் போன பிறகு வாளிகளை நகர்த்திக்கொண்டே அவள் யோசித்ததுதான் இந்த ஏழு வீடு.

முதலில் வந்து பார்த்தது பழங்கட்டடத் துறை அதிகாரி. தலையில் ஹெல்மெட், கையில் டார்ச், ஒல்லியான பெண். சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டாள்.

"முன்பக்கச் சுவர்ல கை வைக்கக் கூடாது. ஜன்னல், கதவு, எதையும் மாத்தக் கூடாது. உள்ளே தடுக்கலாம். ஆனா அந்த உத்தரத்தை வெட்டக் கூடாது."

கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் ஒரே மரத்தில் இழைத்த உத்தரம். ஏழு வீட்டில் மூன்று வீட்டுக்குள் அது புகுந்து போக வேண்டியிருந்தது.

"வெட்டல. மூணு வீட்டுக்கும் பொதுவா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் லாரிக்காரி.

பாங்கில் கடன் கிடைத்தது. வேலைக்கு ஒரு மேஸ்திரி கிடைத்தார். நல்ல தொழில்காரர். வாய் மட்டும் அவர் கரண்டியை விட நீளம். முதல் நாளே கேட்டார்: "ஏம்மா, பேசி முடிவு பண்ண வீட்டுல ஆம்பளைங்க யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க. மாடியில. புறா."

மேஸ்திரி ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வேலை நடந்தது. எப்போதோ யாரோ கருங்கல் மேல் பூசியிருந்த சிமென்ட்டைக் கொத்தி எடுத்தார்கள். சுவர் மூச்சு விட்ட மாதிரி வாரக்கணக்கில் ஈரம் காய்ந்தது. கொட்டிலின் தரையைத் தோண்டிக் கழிவுநீர்க் குழாய் பதித்தார்கள். தானியக் கிடங்கின் பலகைத் தரைக்கு அடியில் கம்பளிப் பஞ்சு திணித்தார்கள், மேல்வீட்டுக்காரர் நடந்தால் கீழ்வீட்டுக்காரர் காலடியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்று. ஏழு வீட்டுக்கும் தனித்தனி மின்சார மீட்டர், தனித்தனி குளியலறை. அதில் அவள் ஒரே பிடியாக நின்றாள். "குளிக்கப் பயப்படற வீடு ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

கொட்டில் பக்கத்துக் கூரையை முழுக்கப் பிரித்துப் போட்டிருந்த நேரம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. புது ஓடு ஏற்றி வந்த லாரி முன்பாதையில் திரும்பியது, அங்கேயே நின்றது. குறுக்கே புத்தம்புது இரும்புக் கேட். பூட்டு. கேட்டுக்கு அந்தப் பக்கம் பெரியவர்.

"நடந்து போய் வரத்தானேம்மா சொன்னேன்? வண்டிக்கு உரிமை கிடையாது. பத்திரத்தை நல்லாப் படிச்சுப் பாரு."

மேஸ்திரிக்கு முகம் தொங்கிவிட்டது. "கூரை திறந்து கிடக்கு. மழை பெஞ்சா பதிச்ச பலகையெல்லாம் ஊறிப் போயிரும் அக்கா." அதற்குள் அவள் அவருக்கு அக்கா ஆகியிருந்தாள்.

அவள் கேட்டைப் பார்த்தாள். பக்கத்தில் ஆள் நுழைகிற சின்னத் திட்டிவாசல் ஒன்றை விட்டு வைத்திருந்தார். சட்டம் தெரிந்த மனுஷர்.

"நடக்கலாம்ல மாமா?"

"நடக்கலாம்."

"சரி. நடக்கிறோம்."

பாதை முழுக்க ஆட்களை வரிசையாக நிறுத்தினாள். கொத்தனார், சித்தாள், எலெக்ட்ரிசியன், பிளம்பர், ஓட்டு லாரியின் டிரைவர்கூட. கை மாற்றிக் கை மாற்றி ஓடு போனது. திட்டிவாசலில் அவளே நின்றாள், ஒவ்வொரு ஓடும் பெரியவர் கண்முன்னால் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று. கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்த பெரியவர் வெயிலும் இல்லாத மழையும் இல்லாத அந்தப் புழுக்கத்தில் சலித்துப்போய்த் தன் வீட்டுக்குள் போய்விட்டார். போன பிறகு அவர் மனைவி ஒரு குடம் தண்ணீரும் டம்ளரும் கொண்டுவந்து கேட் ஓரம் வைத்தாள். லாரிக்காரிக்கு ஓரகத்தி. பெரியவரைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கத்து மாடி வீட்டில் வாழ்கிறவள். வாயிருந்தும் ஊமை என்று ஊரில் சொல்வார்கள். அன்றும் ஒன்றும் பேசவில்லை. வைத்தாள், போனாள்.

கடைசி வரிசை ஓடு ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் நனைந்தார்கள். வீடு நனையவில்லை.

ஆனால் பெரியவரின் பெரிய ஆயுதம் அதற்கப்புறம்தான் வந்தது. குடிவைக்க அனுமதி கேட்டு ஊர் மன்றத்தில் கூட்டம். பாதி ஊர் வந்திருந்தது. பெரியவர் எழுந்தார்.

"இது எங்க குடும்பத்தோட மானம் சம்பந்தப்பட்ட வீடு. இதுல கண்டவங்க வந்து குடியேறினா ஊருக்கு என்ன பாதுகாப்பு? யார் யாரைக் கொண்டுவந்து வைக்கப் போறான்னு முதல்ல கேளுங்க."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். மேடைப் பேச்சு பழக்கமில்லை. என்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரல்.

"வாடகை ஒழுங்காக் கட்டறவங்க. குப்பையை ஒழுங்காப் போடறவங்க. மத்தபடி தனியா இருக்காங்களா, ஜோடியா இருக்காங்களா, எந்த பாஷை பேசறாங்க, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வராங்கன்னு நான் கேக்க மாட்டேன். நீங்களும் கேக்கக் கூடாது. உங்க வீட்டுக் கதவை யாராவது தட்டிக் கேட்டாங்களா?"

முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அப்போது தீயணைப்பு அதிகாரி தொண்டையைக் கனைத்தார். அவர் யார் பக்கமும் இல்லை, விதிப்புத்தகத்தின் பக்கம். "இத்தனை குடும்பம் இருக்கிற இடத்துல எங்க வண்டி முற்றம் வரைக்கும் வரணும். வராதுன்னா அனுமதி கிடையாது. முன்பாதை உங்களோடது இல்லைங்கிறாங்களே?"

பெரியவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அந்தச் சாய்விலேயே கூட்டம் முடிந்த மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து அவள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கோபத்தில் நடந்தாள் என்றுதான் மேஸ்திரி நினைத்தார். கொட்டிலின் பின்சுவர் தெருவை ஒட்டி ஓடுகிறது. அதில் ஓரிடத்தில் செங்கல்லின் நிறம் வேறாக இருந்தது. மேலே கல் வளைவு ஒன்று தெரிந்தது. மாட்டு மந்தையை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போன பழைய வாசல். மாடு திருட்டுப் போன ஏதோ ஒரு காலத்தில் அடைத்துவிட்டார்கள். கொட்டிலைப் பிளந்துகொண்டு நேராக முற்றத்துக்குப் போகிற வழி அது. வீடுகளுக்குத் திட்டம் போட்டபோது அந்த நடையை அப்படியேதான் விட்டிருந்தார்கள், சைக்கிள் நிறுத்த.

பழங்கட்டடத் துறை அதிகாரி வந்தாள். ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள்.

"வளைவு வீட்டோட வயசு. அடைச்ச செங்கல் பிற்காலத்துது. அடைச்சதுதான் மாற்றம். திறந்தா பழையபடி ஆகுது. எனக்கு ஆட்சேபணை இல்ல."

மேஸ்திரி கடப்பாரையோடு தயாராக நின்றார். முதல் கல்லை அவள்தான் உடைத்தாள்.

தீயணைப்பு அதிகாரி அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அகலம் சரியா இருக்கு. ஆனா தெரு குறுகல். எங்க வண்டி இதுல திரும்பி உள்ள வரும்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

"உங்க வண்டியை விட என் டேங்கர் நீளம். அகலமும் கொஞ்சம் ஜாஸ்தி. அது உள்ள போனா ஒத்துக்குவீங்களா?"

"போனா ஒத்துக்கறேன்."

சேதி எப்படிப் பரவியதோ, அவள் டேங்கரை எடுத்துக்கொண்டு வருவதற்குள் தெருவின் இரண்டு பக்கமும் கூட்டம். மொட்டைமாடிகளில் தலைகள். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு எதிர்வீட்டுப் படியில் நின்றார். வண்டியை ரிவர்ஸில்தான் உள்ளே விட முடியும். அவள் கண்ணாடிகளை மடக்கினாள், கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தாள். இடது முழங்காலில் வருஷக்கணக்கான வலி. கிளட்சை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அது தன் இருப்பைச் சொன்னது.

முதல் தடவை கோணம் தவறியது. டேங்கரின் பின்மூலை கல்லை உரசப் போகிற இடத்தில் நிறுத்தினாள். "ஹோ" என்றது கூட்டம். யாரோ கைதட்டினார்கள், பாராட்டுக்காக அல்ல.

"போதும்மா, சுவரை இடிச்சு வைக்காதே" என்று பெரியவர் சத்தமாகச் சிரித்தார்.

அவள் கியரை மாற்றினாள். தெருக்கோடி வரை முன்னால் போய், மறுபடி வந்தாள். இந்த முறை யார் முகத்தையும் பார்க்கவில்லை. சக்கரத்தை மட்டும் பார்த்தாள். டேங்கர் வளைவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்தது. என்ஜின் சத்தம் கல்லில் மோதி இரட்டிப்பானது. பிறகு வெளியே நின்றவர்களுக்கு வண்டியின் முகம்கூடத் தெரியவில்லை. முற்றத்திலிருந்து ஒரு ஹாரன் கேட்டது. நீளமாக, தேவைக்கு மேலே நீளமாக.

தீயணைப்பு அதிகாரி உள்ளே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். "சரி" என்றார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் ஊர் காத்திருந்தது. இந்த முறை கைதட்டல் வேறு மாதிரி இருந்தது.

பெரியவர் விடவில்லை. "மாட்டு வாசல் வழியாவா மனுஷங்க வீட்டுக்குப் போவாங்க? வெட்கக்கேடு!"

டேங்கரிலிருந்து நொண்டியபடி இறங்கி வந்த லாரிக்காரி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "மாடு போன வழியில போனா கொம்பு முளைச்சிடாது மாமா. முளைச்சாலும் நல்லதுதான். முட்டறதுக்கு ஆகும்."

அன்றோடு வீடு திரும்பிக்கொண்டது. இருநூறு வருஷம் ரோட்டைப் பார்த்து நின்ற வீட்டுக்கு முதுகு முகமானது. தபால் பெட்டிகள், அழைப்பு மணிகள், பெயர்ப் பலகைகள் எல்லாம் மாட்டு வாசலில் வந்தன. தொட முடியாத அந்த அழகான முன்சுவர் பெரியவரின் பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது.

குடிகள் வந்தார்கள். ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கிற இரண்டு நர்சுகள். மூன்று குழந்தைகளோடு பஸ் மெக்கானிக். கணவனை விட்டு வந்த பல் டாக்டர். வேற்று மொழி பேசுகிற ஒரு தையல் கம்பெனிக் குடும்பம். வயசான அண்ணன் தங்கை இருவர், இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள், தினமும் சீட்டாட்டத்தில் சண்டை போடுகிறவர்கள். மெக்கானிக் ஆறடிக்கு மேல் உயரம். உத்தரம் அவர் சமையலறையில் சரியாக நெற்றிக்கு நேரே போனது. வந்த வாரமே இரண்டு தடவை முட்டிக்கொண்டு அதில் ஒரு ஸ்பாஞ்சைக் கட்டினார். "ஆணி அடிக்கல அக்கா, கயிறுதான்" என்று பயந்துபோய்ச் சொன்னார். எத்தனை வீட்டுக்காரர்களிடம் பட்டாரோ. "உங்க சுவர்ல எத்தனை ஆணி வேணும்னாலும் அடிங்க தம்பி. உத்தரத்தை மட்டும் விட்டுடுங்க" என்றாள் அவள்.

கூடத்துக் கோடியில் இரண்டு அறையை லாரிக்காரி தனக்கு வைத்துக்கொண்டாள். மாடியில் கூரைச் சரிவுக்குக் கீழே ஒரு சின்ன வீடு மட்டும் யாரும் எடுக்காமல் கிடந்தது.

ஒரு நாள் மத்தியானம் மாட்டு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. ஒரு பெட்டி, ஒரு தையல் மெஷின், அதற்குப் பக்கத்தில் ஓரகத்தி.

"வீடு காலியா இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

"யாருக்குக்கா?"

"எனக்கு."

லாரிக்காரி பெட்டியைப் பார்த்தாள், தையல் மெஷினைப் பார்த்தாள். ஓரகத்தி தரையைப் பார்த்தபடி, ஆனால் நிறுத்தாமல் பேசினாள். "நீ வண்டியை உள்ள விட்ட அன்னைக்கு எதிர்வீட்டு மாடியில நின்னு பார்த்தேன். முதல் தடவை தப்பிப்போச்சுல்ல? அவர் சிரிச்சார். நீ மறுபடி போனே. அதுதான். அன்னையிலேர்ந்து எனக்கு அந்த வீட்டுல சோறு இறங்கல. கல்யாணமான நாளா அவர் பேசிக்கிட்டே இருக்கார், நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். போதும். தைக்கத் தெரியும். வாடகை சொல்லு."

"உங்ககிட்ட வாடகை வாங்குவேனாக்கா?"

"வாங்கலன்னா நான் விருந்தாளி. விருந்தாளின்னா எப்ப கிளம்பறேன்னு ஒரு நாள் கேப்பாங்க. வாடகை சொல்லு."

சொன்னாள். மெக்கானிக்கும் நர்சும் சேர்ந்து தையல் மெஷினை மாடிக்குத் தூக்கினார்கள்.

சாயங்காலம் பெரியவர் வந்தார். மாட்டு வாசலைத் தாண்டி உள்ளே வர மனசு இடம் கொடுக்கவில்லை. தெருவில் நின்றே கத்தினார். "என்ன விளையாட்டு இது? இறங்கி வா கீழே! ஊர் சிரிக்குது!"

மாடி ஜன்னல் திறந்தது. ஓரகத்தியின் தலை தெரிந்தது.

"இதுக்கெல்லாம் நீதான் காரணம்" என்று பெரியவர் வாசலில் நின்ற லாரிக்காரியின் பக்கம் திரும்பினார். "அனுப்பி வை அவளை."

"அவங்க என் குடித்தனக்காரங்க மாமா. வாடகை கொடுத்துட்டாங்க. நான் எப்படிப் போகச் சொல்றது? நீங்க உள்ள வந்து பேசறதுன்னா வாங்க. வழி இதுதான்."

அவர் வளைவைப் பார்த்தார். கால் எழவில்லை. கடைசியில் ஜன்னலைப் பார்த்து, குரல் இறங்கி, "ராத்திரி சாப்பாட்டுக்கு நான் என்ன பண்றது?" என்றார்.

"டப்பாவெல்லாம் மேல் தட்டுல இருக்கு" என்றாள் ஓரகத்தி. "அடுப்பு எங்க இருக்குன்னு தெரியும்ல?"

ஜன்னல் மூடியது. தெருவில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை எல்லாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகும் பெரியவர் வருவதுண்டு. தெருவில் நிற்பார். ஓரகத்தி இறங்கி வந்து, வளைவுக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு மேலே போவாள். திரும்பிப் போவதாக அவள் சொல்லவும் இல்லை. அவர் கேட்டைத் திறக்கவும் இல்லை.

குளிர் தொடங்கிய ஒரு காலையில் லாரிக்காரியின் கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால் ஓரகத்தி. தலையில் துண்டு, மூக்கு சிவந்திருந்தது.

"வெந்நீர் வரல."

"பாய்லர்ல ஏதோ தகராறுக்கா. மத்தியானம் பிளம்பர் வரான். அதுவரைக்கும் என் அடுப்புல வச்சுத் தரட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாம். காலையில வெந்நீர் வரும்னுதானே வீடு கொடுத்தே? மத்தியானம்னா என்ன அர்த்தம்? இப்பவே கூப்பிடு அவனை. வாடகை கொடுக்கிறேன்ல, கேப்பேன்."

அந்தக் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. சீட்டாடுகிற அண்ணனும் தங்கையும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். லாரிக்காரி வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை எடுத்தாள். பிளம்பர் எடுக்கிற வரைக்கும் ஓரகத்தி வாசலைவிட்டு நகரவில்லை.